கரிசல்காட்டுக்காரருக்கு அரசுகள் இட்ட பெயர்கள்

விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கின்றன. அவர்கள் இருக்கும் இடத்துக்கு ‘அகதிகள் முகாம்’ என்றுதான் வெகுகாலம் பெயர். 2021 ஆகஸ்ட் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், இனி இவை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என அழைக்கப்படும் என்று அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் ‘அகதிப் பிள்ளை’ என்று கூப்பிடப்பட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மாற்றம் சிறிய விஷயமல்ல. அதை முழு மனதோடு வரவேற்கலாம்.

ஆனால் புதுப் பெயரிலும் ஒரு முள் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்பவர்களில் பெருந்தொகையினர் இலங்கையின் மலையக வம்சாவளியினர். தேயிலைத் தோட்டங்களில் மூன்று நான்கு தலைமுறை உழைத்த குடும்பங்கள். இலங்கையின் பிறப்புப் பதிவில் ‘இனம்’ என்ற கட்டத்தில் அவர்களுக்கு எழுதப்பட்டது ‘இந்தியத் தமிழர்’. அங்கே இருந்தவரை இந்தியர் என்று ஒதுக்கப்பட்டார்கள். இங்கே வந்த பிறகு இலங்கையர் என்று பதிவானார்கள். அவர்களில் எத்தனையோ பேரின் பூட்டன் கிளம்பிய ஊர் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவுக்குள் இருக்கிறது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. பிறந்த மண்ணை விட்டுப் போனவரின் கொள்ளுப்பேத்தி, அதே வானம் பார்த்த பூமிக்குத் திரும்பி வந்து, அந்நிய நாட்டவர் என்ற பதிவோடு வாழ்கிறாள். நாட்டையும் இனத்தையும் குறிக்கும் சொற்கள் எப்படி உண்டாகின்றன, யார் அவற்றை எழுதுகிறார்கள், எழுதப்பட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்று யோசிக்க இந்த வறண்ட பூமியைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். எங்கள் பக்கத்தில் புது ஆளிடம் கேட்கும் கேள்வி, ‘எந்த ஊரு?’ அடுத்தது, கொஞ்சம் தாழ்ந்த குரலில், ‘அவுக என்ன ஆளுக?’ இரண்டாவது கேள்வி சாதியைக் கேட்பது. அதில் ஒளிவு மறைவு இல்லை. நாடு எது என்று யாரும் கேட்பதில்லை. ‘இனம்’ என்ற சொல் பேச்சில் உண்டு, ஆனால் வேறு பொருளில். ‘எங்க இனசனம்’ என்றால் சொந்தபந்தம். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியவர்கள். அரசு அலுவலகத்துக்குப் போனால் அதே சொல் சாதிப் பிரிவைக் குறிக்கிறது. ‘பிற்படுத்தப்பட்ட இனம்’ என்று எழுதுகிறார்கள். மேடைக்கு வந்தால் ‘தமிழினம்’ என்று மொழி பேசும் மக்கள் முழுவதையும் அணைத்துக்கொள்கிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘தேசிய இனம்’ என்ற கட்டத்தில் ‘இந்தியன்’ என்று நிரப்புகிறார்கள். அரசியல் நூல்களிலோ அதே ‘தேசிய இனம்’ தமிழர், வங்காளி, பஞ்சாபி என்ற மொழிவழி மக்களைக் குறிக்கிறது. சான்றிதழ்படி இந்தியன் ஒரு தேசிய இனம். அரசியல் நூல்படி இந்தியா பல தேசிய இனங்களின் நாடு. ஒரே சொல் இரு இடத்தில் நேரெதிராக நிற்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ‘இனப்பிரச்சினை’, ‘இனக்கலவரம்’ என்று சொன்னால் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பிரிவைத் தவிர வேறு பொருளே கிடையாது.

‘நாடு’ என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு பயணம் உண்டு. திருச்சுழி பூமிநாதர் கோயிலையும் பக்கத்துப் பள்ளிமடத்துக் கோயிலையும் சேர்ந்த பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இந்தப் பகுதியைப் பருத்திக்குடி நாடு என்கின்றன. சில ஊர்களும் அவற்றின் கண்மாய்களும் சேர்ந்த வட்டாரம்தான் அப்போது நாடு. அதன் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. பருத்தியின் பெயரால் ஒரு நாடு இருந்தது என்பதே, கைத்தறியும் நூற்பாலையும் வளர்ந்த இந்தப் பக்கத்துக்காரருக்குப் பெருமைதான்.

மொழியை வைத்து இனத்தைப் பிரிக்கலாம் என்று நினைப்பவர்கள் அருப்புக்கோட்டைத் தெருக்களில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். தறி நெய்யும் தேவாங்கர் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள், கடைத்தெருவில் தமிழ். சுற்றுக் கிராமங்களில் ரெட்டியார், நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெற்கே வந்தவர்கள் கரிசலைப் பண்படுத்தி ஊராக்கினார்கள். அந்த இடப்பெயர்ச்சியைத்தான் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் எழுதினார். இடைசெவலில் தெலுங்கு வீட்டில் பிறந்த அவர்தான் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்துத் தமிழுக்குக் கொடுத்தார். இன்று ‘வந்தேறி’ என்ற சொல்லை எளிதாக வீசுபவர்கள், அந்த அகராதியை யார் செய்தார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்நூறு ஆண்டு ஒரு மண்ணில் வாழ்ந்தவரை வந்தவர் என்றால், வராதவர் யார்?

பெயரைக் கேட்டு வாங்கிய வரலாறும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. பதிவேடுகளில் தங்களுக்கு இட்டிருந்த இழிவான பெயரை நீக்கி ‘நாடார்’ என்றே எழுத வேண்டும் என்று இங்குள்ள வணிகச் சமூகம் பல ஆண்டுகள் போராடியது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-இல் அரசு அந்தப் பெயரை ஏற்றது. அருப்புக்கோட்டையில் ‘சைவ பானு க்ஷத்திரிய’ என்று அவர்கள் நடத்தும் கல்லூரியின் பெயரிலேயே அந்தப் போராட்டத்தின் தழும்பு தெரிகிறது. க்ஷத்திரியர் என்று சொல்லித்தான் மதிப்பைப் பெற வேண்டியிருந்த காலம் அது. அதைக் கடந்து வந்தது நல்லது. ஆனால் தன் பெயரைத் தானே சொல்லி, அதை அரசு எழுதிக்கொள்ளச் செய்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

அதேபோல் நாட்டின் பெயருக்காகவும் இந்த மண்ணில் ஒருவர் உயிரைக் கொடுத்தார். விருதுநகரை அடுத்த மண்மலைமேட்டைச் சேர்ந்த சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை மாநிலம் என்ற பெயரை மாற்றித் ‘தமிழ்நாடு’ என்று வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. இரண்டரை மாதம் பட்டினி கிடந்து அக்டோபர் 13-இல் இறந்தார். சட்டமன்றம் 1967 ஜூலை 18-இல் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14-இல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

இனி கடலுக்கு அப்பால். திருச்சுழி, அருப்புக்கோட்டை, முதுகுளத்தூர் பக்கத்து ஜனங்கள் ‘கண்டிச் சீமை’ என்று சொன்ன இலங்கை மலைநாட்டுக்கு 1820-களிலிருந்து ஆள் போகத் தொடங்கியது. காப்பிக் காலத்தில் அது பருவ வேலை. இங்கே மானாவாரி வெள்ளாமை முடிந்ததும் கிளம்பி, அங்கே பழம் பறித்துவிட்டு, அடுத்த மழைக்குத் திரும்பிவிடலாம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். நடந்த வழியெங்கும் காலராவில் செத்தார்கள். 1876-78 பஞ்சம், தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொன்னது, இந்த ஓட்டத்தை ஆறாகப் பெருக்கியது. 1869-க்குப் பின் இலைத் துரு நோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். குடும்பத்தோடு லயம் என்ற வரிசை வீடுகளில் தங்க வேண்டியதாயிற்று. 1914-இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்தது. மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து அனுப்பினார்கள். 1939-இல் இந்திய அரசு தொழிலாளர் பயணத்தைத் தடை செய்யும் வரை இது நீண்டது.

இங்கே ஒரு காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பருவத்துக்குப் போய்த் திரும்பியவரை இன்ன நாட்டவர் என்று எழுத யாருக்கும் தேவை எழவில்லை. தங்கத் தொடங்கியபோதுதான் எழுதினார்கள். 1911 இலங்கைக் குடிமதிப்பு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று முதன்முதலாக இரு பட்டியல் போட்டது. மொழி ஒன்று, தெய்வங்களில் பல ஒன்று. ஆனால் கோட்டைக் கிழித்தவுடன் அது வேலை செய்யத் தொடங்கியது. வாக்குரிமை வந்தபோது வாக்குக்கும், சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக்கும் அந்தக் கோடே அளவுகோலாயிற்று.

1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து தொழிலாளர் பிரதிநிதிகள் நாடாளுமன்றம் சென்றார்கள். 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததையோ காட்டச் சொன்னது. லயத்தில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று ஏது? ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆனார்கள். 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின; கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1952 நாடாளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளருக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லை. குடியுரிமைச் சட்டத்தை எதிர்ப்பதில் தமிழ்க் காங்கிரஸே பிளந்தது. அதிலிருந்து பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1939-இல் நேரு வந்திருந்தபோது தொடங்கிய ‘இலங்கை இந்தியக் காங்கிரஸ்’ 1950-களில் தன் பெயரிலிருந்து ‘இந்திய’ என்பதை எடுத்துவிட்டது. தொழிற்சங்கம் ‘இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்’ ஆயிற்று. ஒரு பெயரடை எவ்வளவு பாரமாகிவிட்டது என்பதற்கு இது போதும்.

சட்டம் ‘நாடற்றோர்’ என்றது. தெரு வேறு பெயர்களைச் சொன்னது. ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’. யாழ்ப்பாணத்தில் ‘வடக்கத்தியான்’, அதாவது வடக்கே இந்தியாவிலிருந்து வந்தவன். சிங்களவர் மட்டும் இவர்களை ஒதுக்கவில்லை. தமிழரும் ஒதுக்கினார்கள். இதை மறைத்துவிட்டுத் தமிழ் ஒற்றுமை பேசுவது அந்த மக்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் பிரிக்கப்பட்டவர்கள் நாடற்ற 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; மீதி 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டார்கள். 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் கேட்கவில்லை. கண்மாய்த் தண்ணீரைப் பங்கு வைக்கும்போதுகூட மடைக்கு மடை ஆள் நின்று பேசித்தான் பிரிப்பார்கள். ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதன் பிறகு திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் வழியாக வந்தார்கள். தாத்தா போன அதே வழி.

அவர்களுக்கு இங்கே கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. சொல் கனிவானது. ஆனால் திரும்பியவரில் பெரும்பாலோர் அதுவரை இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்தவருக்குத் தாயகம் எது? நீலகிரியின் அரசு தேயிலைத் தோட்டங்களிலும் நூற்பாலைகளிலும் சிறுகடன் திட்டங்களிலும் அவர்களை அமர்த்தினார்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969-இல் தொடங்கிய ரெப்கோ வங்கி இன்றும் தமிழ்நாட்டு ஊர்களில் பலகையோடு நிற்கிறது. அந்த மூன்றெழுத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று உள்ளே நகைக்கடன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இவர்களைச் ‘சிலோன்காரங்க’ என்பார்கள். கடலுக்கு அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

திரும்பாமல் அங்கேயே நின்றவர்கள் தங்களுக்கு ஒரு பெயரைத் தாங்களே ஆக்கிக்கொண்டார்கள்: மலையகத் தமிழர். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும் சேர்ந்து வளர்த்த பெயர் இது. எங்கிருந்து வந்தோம் என்பதைவிட எங்கே வாழ்கிறோம் என்பதைச் சொல்கிறது. என் கணிப்பில், இவர்களுக்கு இதுவரை வந்த பெயர்களில் இது ஒன்றே நேர்மையானது, ஏனென்றால் இதை வைத்தவர்கள் இதற்குள் வாழ்பவர்கள். 2023-இல் ‘மலையகம் 200’ என்று இரு நூற்றாண்டை நினைவுகூர்ந்தபோது தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். குடியுரிமைப் பிரச்சினையும் ஒருவழியாக 2003 சட்டத்தால் தீர்ந்தது; 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியும் குடிமக்கள் என்று அது சொன்னது. 1948-இலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டு. குடிமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ எண்ணிக்கை 1963-இல் 11 லட்சத்துக்கு மேல், 1981-இல் 8 லட்சத்துச் சொச்சம், 2012-இல் 8,39,504. கப்பலேறியது ஒரு காரணம். அந்தப் பெயரில் பதிய விரும்பாமல் ‘இலங்கைத் தமிழர்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் பலர் என்பது இன்னொரு காரணம்.

முகாமுக்குத் திரும்புவோம். 1958, 1977 கலவரங்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 1983-க்குப் பிறகு போர் அங்கிருந்தும் துரத்தியது. வந்து இறங்கியது மண்டபம். இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே ‘அகதி’ என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்தில் இலக்கணமே இல்லை. குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர் ‘சட்டவிரோதக் குடியேறி’. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளை எடுத்துக்கொண்டது, இலங்கையை விட்டுவிட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளித் தமிழரின் வேர் இந்த மண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லி, அவர்கள் கோரிக்கையைக் கனிவோடு பார்க்கும்படி சொன்னது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க 2022-இல் அதே கிளை உத்தரவிட்டது. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகர் என்பது சட்டம். அவள் இந்தியர் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை; முப்பத்தாறு வயது வரை அவளை வெளிநாட்டவராகவே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அவளுக்குப் பின் 1988-இல் முகாமில் ஒரு தம்பி பிறந்திருந்தால் அவனுக்கு இது பொருந்தாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரு நாட்டவர் ஆவார்கள்.

இப்போது அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலைகளையும் கட்டுமான இடங்களையும் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். மழை பொய்த்த நிலத்திலிருந்து, தரகர் முன்பணம் கொடுத்து, ரயிலேற்றிக் கூட்டி வந்தவர்கள். அன்று தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போன கங்காணிக்குப் பதில் ஒப்பந்தக்காரர். லயத்துக்குப் பதில் ஆலை விடுதி. அவர்களை நாம் என்ன சொல்லி அழைக்கிறோம்? வடக்கன். வடக்கத்தியான். யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்களை அழைத்த அதே சொல், ஓர் எழுத்து மாறாமல். அவர்கள் இந்தியக் குடிமக்கள். வாக்கும் ரேஷன் அட்டையும் உண்டு. சட்டத்தில் அவர்களுக்குக் குறை இல்லை. ஆனால் 1911-இல் கிழித்த கோடும் முதலில் வாயில் வந்த சொல்லாகத்தான் இருந்திருக்கும். பதிவேடு பிறகு வந்தது.

செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு, அது இங்கேயே செய்யக்கூடியது. மலையக வம்சாவளிக் குடும்பங்களில் பழையவர்களுக்குக் குலசாமி பெயர் தெரியும், அது எந்த ஊரில் இருக்கிறது என்பதும் தெரியும். சிவராத்திரிக்கு அந்தக் கோயிலில் கூடித் தலைக்கட்டு வரி கொடுப்பவர்கள்தான் இனசனம். கடல் தாண்டிப் போன கிளையின் பெயரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இந்தக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். பழைய தாள்களில் ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்று இருக்கும். 1985 மார்ச்சில் விருதுநகர் மாவட்டம் பிரிந்ததால் இன்றைய அலுவலர் அந்தத் தாளைப் பார்த்து வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடக்கூடும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாட்சியர் அலுவலகங்கள் பழைய நிலப்பதிவுகளையும் கிராமத்துப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் பூர்வீகச் சான்றாக ஏற்று எழுதிக்கொடுத்தால், குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் இருக்கும் குடும்பங்களின் குடியுரிமை மனுவுக்கு அது முதல் தாளாகும். அந்தத் தாளில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று எதை எழுதுவது என்பதை, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடமே கேட்டு எழுத வேண்டும்.